இளிவரலும் பெருமிதமும்: தேம்பாவணித் தலைவனின் தாழ்ச்சி குறித்து

பூதலூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் வெண்ணாற்றைக் கடந்து திருக்காட்டுப்பள்ளியை அடைவர். அதனை அடுத்துள்ள பூண்டியில் 1999-ஆம் ஆண்டு பேராலயம் என்னும் நிலை எய்திய மரியன்னை கோயில் உளது. கொள்ளிடத்துக்கு அப்பால் வடபுறத்தே ஏலாக்குறிச்சி உளது. வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஊர் அதுவே. பூண்டிக் கோயிலையும் அம்முனிவரோடு தொடர்புபடுத்திப் பேசுவது இந்நிலத்து மக்கள் வழக்கு. அவ்வழக்கு எத்துணை வரலாற்றுண்மை உடையது என்பதன்று எம் ஆய்வு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்நெல்வயல்களை நாளும் கண்ட ஒருவர், தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த எளியவன் ஒருவனைத் தலைவனாக்கி 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட பெருங்காப்பியம் செய்தார். அவ்வெளிமைக்கும் அப்பெருமைக்கும் உள்ள முரண் எவ்வாறு தீர்கிறது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதுகலை வகுப்பில் தேம்பாவணி பாடமாகும்போதெல்லாம் மாணாக்கர் ஒரு வினாவை எழுப்பக் கண்டுள்ளோம். தண்டியலங்காரம் கூறும் தன்னிகரில்லாத் தலைவன் என்னும் இலக்கணம் வளனுக்குப் பொருந்துமா என்பதே அவ்வினா. இதற்கு நம் உரையாசிரியரும் திறனாய்வாளரும் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே. வளன் தாவீது அரசனின் குலத்தோன்றல்; இறுதிப் படலத்தில் விண்ணுலகில் முடிசூட்டப் பெறுகிறான்; நாடு, நகர், திருமணம் முதலிய வருணனைகள் யாவும் குறைவற அமைந்துள; ஆதலின் இலக்கணம் நிரம்பியது என்பர். இவ்விடை பிழையன்று. ஆயினும் வினாவின் உயிர்நிலையை இது தொடவில்லை என்பது எம் கருத்து. குலமும் முடியும் காப்பியத்தின் தொடக்கமும் முடிவுமாகும். இடைப்பட்ட நெடும் பரப்பில் வளன் செய்வது யாது? உழைக்கிறான், மணந்த மனைவியைக் காக்கிறான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எசித்துக்கு ஓடுகிறான், அயல்நாட்டில் பிழைக்கிறான், திரும்புகிறான், பிணியுறுகிறான், இறக்கிறான். கிறித்தவ மறைநூலின் நற்செய்திப் பகுதிகளில் அவன் வாய்ச்சொல் ஒன்றேனும் பதிவாகவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வாய்பேசாத் தலைவன் ஒருவனுக்காக 3615 பாடல்கள்!

இவ்விடர்ப்பாட்டைத் தண்டியைக் கொண்டு அளப்பதினும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொண்டு அளப்பது தக்கது. எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதம் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பார் ஆசிரியர். அவை கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன. இளிவரலும் நான்கில் தோன்றும்; அவை முதுமை, நோய், வருத்தம், எளிமையாகிய மென்மை என்பன. நம் காப்பியத் தலைவர் யாவரும் பெருமிதத்தின் நான்கில் ஒன்றையோ பலவற்றையோ பற்றி நிற்பவர். இளிவரல் அவர்பால் நேருமாயினும் அஃது இடையே வந்து நீங்கும் துயரமாகவே அமையும். வளனோ இளிவரலின் நான்கு நிலைக்களன்களையும் ஒருங்கே உடையவன். ஓட்டமும் உழைப்பும் வருத்தம். படையும் பொருளும் இன்மை மென்மை. காப்பியத்தின் பிற்பகுதியோ மூப்பும் பிணியும். இழிவு தோன்றும் களம் என்று இலக்கணம் வகுத்த இடத்திலேயே முனிவர் பெருமிதத்தைத் தோற்றுவிக்க முயல்கிறார். அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே தளர்ந்தது என்பதைக் காண்பதே தேம்பாவணித் திறனாய்வின் முதற்கடன் ஆகும். கம்பரோடும் திருத்தக்கதேவரோடும் ஒப்பிட்டு உவமைகளை எண்ணிக் கணக்கிடுவது பிற்படு கடன்.

எளியோரைத் தலைமக்களாகக் கொள்ளும் மரபு தமிழில் முன்னரே உண்டன்றோ எனின், உண்டு. சிலம்பின் தலைமக்கள் வணிகர். ஆயின் கண்ணகியின் ஏற்றம் வெகுளியால் விளைந்தது. மணிமேகலையோ இன்னும் நெருங்கிய முன்மாதிரி. காவிரி கடல்புகும் பட்டினத்தில் கையில் பாத்திரம் ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்த பெண்ணின் கதை அது. ஆயினும் அவள் கையிலுள்ள அமுதசுரபி வற்றாதது. அவள் தொண்டு அற்புதத்தின் துணையால் நடப்பது. சேக்கிழார் பாடிய தொண்டர்களுள் குயவரும் வண்ணாரும் பரதவரும் உளர். திருவையாற்றை அடுத்த திங்களூரில் நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த அப்பூதியடிகளின் தொண்டு இதே மண்ணில் நிகழ்ந்தது. பணிசெய்தலே வாழ்வு என்னும் கொள்கைக்குத் தமிழில் பெரியபுராணத்தினும் பெரிய சான்று இல்லை. எனவே முனிவர் வெற்றிடத்தில் நின்று பாடினார் அல்லர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சேக்கிழாரின் தொண்டர் பெரும்பாலோர் ஒரு கடுஞ்சோதனையால் விளங்குகின்றனர். அச்சோதனை நேரும் ஒரு நாளே அவர் வாழ்வின் உச்சம். வளனுக்கோ அத்தகைய ஒரு நாள் இல்லை. அவன் தொண்டு நாள்தோறும் ஒரே தன்மையது. சொல்லத் தக்க செய்தி அதில் ஏதும் நிகழ்வதில்லை.

சொல்லத் தக்கது நிகழாத வாழ்வைக் காப்பியம் எவ்வாறு தாங்கும்? இங்கேதான் கிளைக்கதைகளின் பணி விளங்குகிறது. தாவீது கோலியாற்றை வீழ்த்தியது, சோசுவன் வெற்றி, சேதையோன் வெற்றி எனப் போர்க்கதைகள் காப்பியத்துள் அடுத்தடுத்து வருகின்றன. இவை கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்று குறை கூறுவோர் உளர். யாமும் முன்னர் அவ்வாறே எண்ணியிருந்தோம். இன்று அக்கருத்தை மாற்றிக்கொள்கிறோம். காப்பியத்துக்கு வேண்டிய தறுகண்மையையும் புகழையும் முனிவர் இக்கிளைக்கதைகளிடம் ஒப்படைத்துவிட்டார். அவ்வீரர் வில்லும் வாளும் ஏந்துவர்; வளன் ஏந்த வேண்டுவதில்லை. அவர்தம் கதைகள் ஓங்கி ஒலிக்குந்தோறும் அவற்றுக்கிடையே செல்லும் தச்சனின் அமைதி மிகுதியாகப் புலப்படுகிறது. முதற்கதையே கவணேந்திய இளைஞன் ஒருவன் கவசம் பூண்ட பேருருவினனை வீழ்த்தியதாக அமைந்தமை நோக்கத் தக்கது.

இனிச் சொல்லாராய்ச்சி சிறிது. கத்தோலிக்கத் தமிழில் தலையான புண்ணியங்களை எண்ணுங்கால் முதற்கண் வைக்கப்படுவது தாழ்ச்சி. சீர்திருத்தச் சபையார் இதனைத் தாழ்மை என்பர். இவ்விரு சொல்லும் பொதுத்தமிழில் நற்பொருள் மட்டுமே தருவன அல்ல. தாழ்ச்சி என்பது குறைவு, இழிவு, குற்றம் என்னும் பொருள்களிலும் வழங்குவது. வள்ளுவர் இப்பண்பைப் பணிவு, அடக்கம் என்னும் சொற்களாற் போற்றினார். அவர் கருத்துப்படி பணிவு எல்லார்க்கும் நன்று. செல்வர்க்கோ அது மேலுமொரு செல்வம். பெருமையுடையார்பால் காணப்படும் அணியாகவும் பணிவை அவர் கூறுவார். அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இவ்வேறுபாட்டை அறியாதிருந்திருக்க இயலாது. இலத்தீனில் இப்பண்பைக் குறிக்கும் சொல் மண் என்னும் பொருளுடைய சொல்லோடு வேரால் தொடர்புற்றது. மண்ணளவும் இறங்குதலைக் குறிக்கப் பணிவு போதாது எனக் கருதியே கிறித்தவத் தமிழ் இழிவுப் பொருளும் சுமந்த ஒரு சொல்லைத் தேர்ந்து, அதனையே புண்ணியங்களின் முதலிடத்தில் வைத்தது போலும். இளிவரலின் களத்தில் பெருமிதத்தை விளைக்கும் காப்பிய முயற்சி இச்சொல்லாட்சியிலேயே அடங்கியுள்ளது.

இதற்கு நேர்மாறான மற்றொரு சொல்லாட்சியும் உண்டு. சிற்றூர்தோறும் நடந்து சென்று மறையறிவு புகட்டியும், செபம் நடத்தியும், நோயுற்றோரைக் கண்டும், இறப்போர்க்குத் துணைநின்றும் பணிசெய்த உபதேசியாரை அந்நாளைய கத்தோலிக்கர் வேதியர் என்றனர். அந்தணர்க்குரிய உயர்சொல் அது. உயர்ந்த பண்புக்குத் தாழ்ந்த சொல். எளிய பணிக்கு உயர்ந்த சொல். இவ்வேதியர்க்கென்றே முனிவர் 1727-ஆம் ஆண்டில் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். தேம்பாவணி இயற்றப்பெற்றதாகக் கருதப்படும் 1726-ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அது. காப்பியத்துக்கு அவர் தாமே உரை எழுதியது 1729-இல் என்பர். ஆக, மூன்று நான்கு ஆண்டுக்குள் ஒரே உள்ளத்தினின்று தமிழின் இருவேறு நடைகள் பிறந்துள்ளன. 2022-இல் வெளிவந்த மார்கெரித்தா திரெந்தோ அவர்களின் ஆங்கில நூல் இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் படித்து, வேதியரே காப்பியத்தின் முதன்மையான வாசகராதல் கூடும் என்னும் எண்ணத்துக்கு வழிவகுத்துள்ளது. வரலாற்று நோக்கில் அவர் கண்டதை இலக்கிய நோக்கிலும் காணலாம். வேதியர் ஒழுக்கத்தில் உவமை அடுக்கும் சொல் விளையாட்டும் காண்டல் அரிது. நடந்து களைத்தவன் ஒருவனோடு அருகிருந்து பேசும் நடை அது. கற்பிப்பவன் தான் கற்பிப்பதை முதலில் தன் வாழ்வில் காட்ட வேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து. காப்பியத்தை மட்டும் பயின்று உரைநடையை ஒதுக்கும் நம் பாடத்திட்ட வழக்கத்தால் வளனை நாம் பாதியே அறிகிறோம். காப்பியம் உருவாக்கிக் காட்டிய தலைவன் எவ்வகை வாழ்வுக்கு முன்மாதிரி என்பதை உரைநடை நூலே விளக்குகிறது.

காப்பியம் தளர்ந்த இடங்களை மறைப்பது திறனாய்வாளர்க்கு அழகன்று. நாட்டுப் படலத்தில் யூதேய நாடு காவிரி நாடாகவே காட்சி தருகிறது. நீர் பாய்கிறது, நெல் விளைகிறது. அதனை யாம் குறையாகக் கொள்ளோம்; கேட்பார் அறிந்த நிலத்தில் அறியாத கதையை நடுதல் கவிஞர் உரிமை. நகரப் படலத்தின் எருசலேமோ மாடங்களும் மணிகளுமாய் ஒளிர்ந்து, பின்னர்த் தோன்றவிருக்கும் தச்சனின் சிறுமனையைக் கண்ணுக்கு எட்டாத தொலைவில் வைத்துவிடுகிறது. முடிசூட்டுப் படலமும் அத்தகையதே. பிற காப்பியங்களின் முடி பிறப்புரிமையாலும் வெற்றியாலும் வருவது. இஃது உழைத்து நோயுற்று இறந்த பின்னரே வருவது என்று வேறுபடுத்திக் காட்டலாம். அவ்வாறு காட்டிய பின்னும், மரபுக்கு முனிவர் செலுத்திய திறை அது என்னும் எண்ணம் எம்மை விட்டு நீங்கவில்லை. மரியா தெ ஆகிரேதா என்னும் இசுபானியத் துறவியார் எழுதி 1670-இல் வெளிவந்த நூலே கதைக்குப் பெரிதும் மூலம் என்பர். அம்மூலத்திலும் அற்புதங்கள் மிகுதி. ஆதலின் குறை முழுவதும் தமிழ்க் காப்பிய மரபினது அன்று.

வென்ற இடங்கள் வேறு. துறவை நாடிய இளம் வளனை வானவன் ஒருவன் இல்வாழ்வின்பால் திருப்புவதும், பின்னர் வரும் ஈரறம் பொருத்து படலமும் ஒருங்கு வைத்து எண்ணத் தக்கன. இல்லறம், துறவறம் என்னும் இரண்டையும் ஒரே மனையில் பொருத்திக் காட்டுவது அப்படலம். நம் அறநூல்கள் இவ்விரண்டையும் நிலைகளாகப் பிரித்தன; முனிவர் அவற்றைப் பண்புகளாகக் கொண்டார். பற்றின்மைக்குக் காடு வேண்டுவதில்லை. ஊர்நடுவே உழைத்து உண்ணும் கையே போதும் என்றாயிற்று. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அதன் தலைவனும் அரசன் அல்லன். ஆனால் அவன் நாசநகரை விட்டு வெளியேறி வழிநடப்பவன். வளனோ வெளியேறியும் மீண்டும் வீடு திரும்புபவன்.

காப்பியத்துள் எம் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது வளனைப் பற்றிய பகுதி கூட அன்று. கருணையன் தன் தாயை அடக்கம் செய்யும் பகுதியாகும். கானகத்தில் தாய் எலிசபெத்தோடு வாழ்ந்த பிள்ளை அவளை இழந்து தனியனாகிறான். தன் கையாலேயே மலர் பரப்பி, உடலை மண்ணால் மூடி, மேலும் மலர் தூவிப் புலம்புகிறான். தாயின் வாய்மைச் சொல்லே மழைநீராக உள்ளம் குளிர்ந்து வாழ்ந்தவன், துளியின்றி இளம்பயிர் மணிபிடிக்கும் முன்னரே காய்ந்தது போலத் தான் காய்ந்துவிட்டதாகக் கூறும் உவமை ஒன்று அங்கே வருகிறது. கால்வாயில் நீர் வரும் நாளை எதிர்நோக்கிப் பூதலூர்ப் புறத்து வயல் வரப்பில் நின்றவர்க்கு இவ்வுவமையை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. சூல்கொண்ட பயிர் காயும் வேளையில் உழவன் பேசுவதில்லை, பார்த்து நிற்பான். உயிர் பிழைக்கும் வழி அறியேன், உடலுறுப்புகள் தொழிற்படும் முறை அறியேன், காட்டில் செல்லும் வழி அறியேன் என்று அப்பிள்ளை அடுக்கிக் கூறும் இயலாமைகளில் தொல்காப்பியர் கூறிய மென்மை அத்தனையும் உண்டு. அழுகைக்கு மரமும் பூவும் பறவையும் உடன் அழுவதாகப் பாடியது மரபுவழி வந்த அணியே. ஆயினும் இங்கே அணி பொருளை மூடவில்லை. உவமைகள் யாவும் மண், மழை, பூ, பறவை எனத் தரையை விட்டு எழாதவை. நகரப் படலத்தில் எளிமையைத் தொலைவில் நிறுத்திய அதே அணி, இங்கே எளிமைக்குக் கருவியாகிறது. இவ்விரு படலங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்குமாறு மாணாக்கரை யாம் கேட்டுக்கொள்வதுண்டு.

முனிவரின் வாழ்வே இத்தாழ்ச்சிக்கு மாறாக இருந்தது என்பாரும் உளர். 1822-இல் முத்துசாமிப் பிள்ளையவர்கள் எழுதிய வரலாறு அவரைப் பட்டாடையும் பல்லக்கும் பரிவாரமும் உடையவராகக் காட்டுகிறது. சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்றும் கூறுகிறது. திவான் செய்தியைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏற்கவில்லை. பல்லக்குச் செய்தியில் உண்மை இருப்பினும் இருக்கலாம். மதிப்பு வேண்டிய நாட்டில் மதிப்பின் சின்னங்களை ஏற்பது அக்காலச் சேசு சபையார் சிலர் மேற்கொண்ட நெறியே. ஆயின் வாழ்வின் முரணைக் கொண்டு நூலைத் தள்ளுவது திறனாய்வு ஆகாது. பல்லக்கில் சென்றவர் எனினும், நடந்து செல்வோர்க்கு நூல் எழுதும்போது அவர் மொழி இறங்கியுள்ளதா என்பதே கேட்கத் தக்கது. வேதியர் ஒழுக்கத்தின் நடை அதற்கு விடை கூறும்.

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. தாழ்ச்சி யாரிடம் கேட்கப்படுகிறது? வளன் அரச குலத்தவன். வேதியன் எழுத்தறிந்தவன், ஊராரால் மதிக்கப்படுபவன். இருவர்க்கும் இறங்கி வருவதற்கு ஒரு மேடு இருந்தது. மேடே இல்லாதவர்க்குத் தாழ்ச்சி என்னும் அறம் என்ன பொருள் தரும்? இத்தஞ்சை நிலத்தில் பண்ணையாள் ஒருவனை நினைத்தவுடன் வெளியேற்றலாகாது என்பதற்கு 1952-இல் தனிச்சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு முன் அவன் குனிந்தது புண்ணியம் கருதி அன்று. கிறித்தவக் கோயில்களுக்குள்ளேயே சாதி பிரித்து நிறுத்திய வழக்கம் மதுரை மறைத்தளத்தின் வரலாற்றில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. தானே மேற்கொண்ட தாழ்வும் பிறர் சுமத்திய தாழ்வும் ஒரே சொல்லால் வழங்கப்பெறின், பின்னதை நியாயப்படுத்த முன்னது கருவியாகிவிடும். இவ்வாபத்தை முனிவர் எங்கும் வெளிப்பட எதிர்கொண்டதாக எமக்குத் தோன்றவில்லை. காப்பியத்தைப் போற்றுவோர் இதனை ஒளிக்க வேண்டுவதில்லை. தூற்றுவோர் இஃதொன்றையே காப்பியமாகக் கொள்ளவும் வேண்டுவதில்லை.

எனினும் நூல் தன்னை அறியாமலே ஒரு விடையின் அருகே செல்கிறது. வளன் நோயுற்றுக் கிடக்கும் பகுதியைக் கருதுக. உழைத்த கை ஓய்ந்தது. பிறர்க்குப் பணிசெய்தவன் இப்போது பிறர் பணியை ஏற்க வேண்டியவன். மனைவியும், தெய்வம் என அவன் நம்பும் மகனும் அவனுக்குப் பணிவிடை செய்கின்றனர். இதுகாறும் தாழ்ச்சி கீழிருப்பவன் மேலிருப்பவனுக்குக் காட்டும் வணக்கம் போலத் தோன்றியது. இங்கே மேலிருப்பவன் கீழிருப்பவனின் படுக்கையருகே நிற்கிறான். அரச குலமும் வானவர் முடியும் அவ்வேளையில் நினைவிற்கு வருவதில்லை. பிணியும் மூப்பும் இளிவரலுக்கு நிலைக்களன் என்ற இலக்கணம் மாறவில்லை. அப்படுக்கையைச் சூழ்ந்து நிற்பவர் மாறியுள்ளனர். தேம்பாவணி முதன்முதலாக 1851 முதல் 1853 வரை புதுவையில் அச்சேறியதன் பின் எத்தனையோ பதிப்புகளும் ஆய்வுகளும் வந்துள்ளன. நாட்டுச் சிறப்பும் உவமைச் சிறப்பும் பன்முறை எழுதப்பெற்றுவிட்டன. இந்நோய்ப் பகுதியின் சொற்களையும், முனிவர் தம் உரையில் அவற்றுக்குக் கூறிய பொருளையும், வேதியர் ஒழுக்கம் தாழ்ச்சி பற்றி வழங்கும் சொற்களையும் அருகருகே வைத்து அடைவு செய்யும் பணியை முதுகலை மாணாக்கர் எவரேனும் மேற்கொள்வாராயின், பணிதல், பணிபுரிதல், பணிக்கப்படுதல் என்னும் மூன்றையும் முனிவர் எங்கெங்கே பிரித்தார், எங்கெங்கே கலந்தார் என்பது புலனாகும்.